குருத்தை இழுத்துப் பார்!

போன செவ்வாய்க்கிழமை காலை. தோசைக்கல்லில் மாவை ஊற்றி, கரண்டியால் வட்டம் இழுத்துக்கொண்டிருக்கிறேன். போனில் 'டிங்'. மகள் கவிதா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள்.

திறந்தால்... வெள்ளை. ஒரே வெள்ளை. நடுவில் மூன்று வெள்ளை மேடுகள்.

"அம்மா, விடிய விடியப் பனி கொட்டிடுச்சு. இந்த மூணு குவியல்தான் உங்க மூணு மரமும். உள்ளே உயிரோட இருக்குதா, இல்லையா... தெரியலை. கரண்ட் வேற இல்லை. சார்ஜ் தீரப்போகுது, வெச்சிடறேன்."

அவ்வளவுதான் வீடியோ.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "போச்சு" என்றார்.

"எது போச்சு?"

"மரமும் போச்சு. தோசையும் போச்சு."

தோசை கரிந்துபோயிருந்தது. அது கிடக்கட்டும், நாய்க்குப் போட்டால் ஆச்சு. என் கண் அந்த மேடுகளை விட்டு நகரவில்லை. அங்கே இமாச்சல மலையில் பனிக்குள் புதைந்து கிடந்தது மூன்று செடிகள் மட்டும் இல்லை. இங்கே பேரிகைப் பக்கம் ஒரு பெண்ணின் நிலமும்தான்.

என்ன, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லையா? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பழைய வேலை தெரிந்திருக்கும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ரிட்டயர் ஆன பிறகும் சம்பளம் இல்லாமல் அதே வேலையை வீட்டில் செய்கிறேன் என்பது வீட்டுக்காரரின் புகார்.

அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தவள் முனிரத்னம்மா. எனக்கு ரத்னா. அவள் லைனில் வந்த பீஸ்களை நான் ரிஜெக்ட் செய்ய, அவள் என்னிடம் சண்டைக்கு வர... அப்படிச் சண்டை போட்டே சிநேகிதி ஆனவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

கம்பெனி வி.ஆர்.எஸ். கொடுத்தபோது நான் பேனாவை எடுத்தேன். அவள் மண்வெட்டியை எடுத்தாள். பேரிகைக்குப் பக்கத்தில் புருஷன் வழி நிலம். புருஷன் காலமாகிவிட்டார். நிலம் இவளுக்கும் கொழுந்தன் வெங்கடேசுக்கும் பொது. அதில் ஒரு நர்சரி போட்டாள். ரோஜா, குரோட்டன்ஸ், செம்பருத்தி... எல்லா நர்சரியிலும் இருக்கிறதுதான்.

ஆனால் ஒரு மூலையில் மட்டும் வேறு எங்கும் இல்லாத ஒன்று இருந்தது. பனை ஜாதியில் ஒரு வகை. 'விண்ட்மில் பாம்' என்பார்கள் நர்சரிக்காரர்கள். விசிறி மாதிரி இலை. தண்டைச் சுற்றிக் கோணிச் சாக்கு சுற்றின மாதிரி நார். பனை, தென்னை என்றாலே வெயிலுக்குப் பிறந்தது என்றுதானே நினைக்கிறோம்? இது பனியைத் தாங்கும் ஜாதி. இமயமலைப் பக்கத்திலிருந்து விதை வரவழைத்து முளைக்கப் போட்டாள். வளர்த்தி ரொம்ப மெதுவு. அது முழங்கால் உயரம் வருவதற்குள் நமக்கு முழங்கால் வலியே வந்துவிடும்.

"இதை யாருடி வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"வாங்கறவங்க எங்கேயாவது இருப்பாங்கக்கா" என்றாள்.

இருந்தார்கள். என் மருமகனுக்கு இமாச்சலத்தில் ஒரு நீர்மின் நிலையத்தில் வேலை. லீவில் வந்த கவிதா அந்தச் செடிகளைப் பார்த்துவிட்டு, அங்கே போய் ஒரு லாட்ஜ்காரரிடம் சொல்லியிருக்கிறாள். பனி பெய்கிற வாசலில் பனைமரம் நின்றால் டூரிஸ்ட் விடுவானா? போட்டோ எடுத்தே தள்ளுவான். 'நாலு செடி அனுப்பச் சொல்லு. நின்னுச்சுன்னா ரோடு பூரா வெக்கலாம்' என்றாராம் அவர்.

ரத்னாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. எப்போது அனுப்புவது? இதில் என்ன யோசனை... விஜயதசமிக்குத்தான்!

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? லேத்துக்குச் சந்தனம், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, ஒவ்வொரு கேட்டிலும் பூசணிக்காய். ரத்னா அன்றைக்கு நாலு தொட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்தாள். மறுநாள் விஜயதசமி. கம்பெனியில் பார்ட்ஸ் பேக் செய்த அதே கையால் பேக் செய்தாள் — மேல் நோக்கி அம்புக்குறி, 'கவனமாகக் கையாளவும்', எல்லாம் உண்டு. லாரி கிளம்பியது. விஜயதசமியில் தொடங்கின காரியம் தோற்குமா?

தோற்றது. பொங்கலுக்குள் நாலும் காலி.

எப்படித் தெரிந்தது? குருத்துதான் சொன்னது. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கித் தோப்புக்குள் வந்தால், தென்னங்கன்றின் குருத்தைத்தான் முதலில் உருவும். குருத்து போன கன்று அதோடு சரி. மற்ற மரங்களுக்குக் கிளை ஒடிந்தால் இன்னொரு கிளை. தென்னைக்கும் பனைக்கும் அந்தப் பேச்சே கிடையாது. உயிர் அந்த ஒரே இடத்தில். குளிரில் அடிபட்ட செடிக்கும் அதே கணக்குதான். இன்னும் விரியாத நடு இலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் உள்ளே அழுகிவிட்டது. வராவிட்டால்... உயிர் இருக்கிறது.

கவிதா இழுத்தாள். நாலும் வெண்ணெயில் செருகின குச்சி மாதிரி வந்துவிட்டன.

லாட்ஜ்காரர் சிரித்தாராம். 'மதராஸ் செடிக்கு எங்க ஊர்க் குளிர் ஆகுமா?' என்று. இதை ஏன்தான் கவிதா ஸ்பீக்கரில் சொன்னாளோ! ரத்னா போனைப் பார்த்துக் கத்தினாள். "எதுடா மதராஸ் செடி? விதையே உங்க மலையில விளைஞ்சதுடா!" அப்புறம் தெலுங்கில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம். லாட்ஜ்காரர் பிழைத்தார், அவர் லைனில் இல்லை.

இந்தச் சமயம் பார்த்து வந்தார் கொழுந்தன் வெங்கடேசு. கையில் சுருட்டின பிளான்.

கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். ரத்னா வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் தொழில் ரியல் எஸ்டேட். ஓசூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு லே-அவுட்டில்தானே விழும்? தொழிற்சாலைகள் வர வர, பேரிகைப் பக்கமும் நிலத்துக்கு மவுசு வந்துவிட்டது.

"வதினா, இந்தச் செடி கொடியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் கஷ்டப்படுவீங்க? சைட் போட்டுட்டா காலுமேல கால் போட்டு உட்கார்ந்துக்கலாம்" என்று பிளானை விரித்தார். அண்ணி என்பதற்குத் தெலுங்கில் வதினா.

பார்த்தேன். பழைய புத்தி, எதைக் கொடுத்தாலும் உற்றுப் பார்ப்பேன். ரோடு, பார்க், வரிசையாகக் கட்டம் கட்டமாக மனைகள். நர்சரி கிணறு இருந்த இடத்தில் பிள்ளையார் கோயில். நுழைவாயிலில் ஒரு ஆர்ச். ஆர்ச்சுக்கு இரண்டு பக்கமும் அழகாகப் பச்சையில் வரைந்திருந்தார்கள் — பனைமரம்!

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ரத்னா சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு குளிர்காலம் டைம் குடுப்பா" என்றாள்.

வெங்கடேசு யோசித்தார். "சரி வதினா. அடுத்த குளிரையும் பாருங்க. செடி பொழைச்சா நான் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். செத்துதுன்னா நீங்க கையெழுத்துப் போடணும்."

"சரி."

அவர் போனதும் எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஏண்டி சரின்னு சொன்னே? செடி மேலே யாராவது நிலத்தை வெச்சுப் பந்தயம் கட்டுவாங்களா?"

"சரின்னு சொன்னாத்தான்க்கா ஒரு வருசம் கிடைக்கும். முடியாதுன்னு சொன்னா நாளைக்கே சொந்தக்காரங்க பூரா வந்து திண்டாட விடுவாங்க" என்றாள். "இது எனக்குத் தொழில் மட்டும் இல்லைக்கா. எல்லாரும் சொன்ன வேலையைச் செஞ்சேன் இத்தனை வருசம். இது ஒண்ணுதான் நானா செஞ்சது."

இதற்கு மேல் சண்டை போட நேரம் இல்லை. வேறு வேலை இருந்தது.

எங்கள் செக்கிங் டிபார்ட்மென்டில் ஒரு பழக்கம். ஃபெயிலான பீஸைத் தூக்கி எறிய மாட்டோம். வெட்டிப் பார்ப்போம். எங்கே உடைந்தது? எதனால் உடைந்தது? அது தெரியாமல் அடுத்த பீஸைச் செய்தால் அதுவும் அதே இடத்தில்தான் உடையும். கவிதாவுக்கு போன் போட்டேன். "செத்த செடியைத் தோண்டி எடு. வேரைக் காட்டு."

"அம்மா, இங்கே தரையே கல்லு மாதிரி இருக்கு. மனுசங்க பண்ற வேலையா இது?"

"கடப்பாறை இல்லையா?"

முணுமுணுத்துக்கொண்டே தோண்டினாள். மருமகனும் ஒரு கை கொடுத்தார், பாவம். வேர்க்கட்டி தொட்டி வடிவத்திலேயே முழுசாக வந்தது. கடப்பாறையால் தட்டினாள். 'கிண்' என்றது. உடைத்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஐஸ் கட்டி.

வீடியோவைப் பார்த்த ரத்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ... நார்த்தூள்க்கா!"

தேங்காய் நார்த்தூள். எங்கள் பக்கத்து நர்சரிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. எதை நட்டாலும் அதில்தான் நடுவார்கள். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரு நாள் மறந்தாலும் செடி வாடாது. போர்வெல் வற்றுகிற பூமியில் அதைவிட என்ன வரம் வேண்டும்? ஆனால் பனி ஊரில்? உறிஞ்சி வைத்த தண்ணீர் அப்படியே உறைந்து வேரை நெரித்துவிட்டது. செடிக்குக் குளிர் பகை இல்லை. ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் பகை.

அடுத்த குறை, நம் விஜயதசமி! நமக்கு அது வெற்றித் திருநாள். அந்த மலைக்கு அது பனி வாசலில் வந்து நிற்கிற மாசம். வேர் பிடிக்க நேரமே இல்லாமல் போய் நின்றிருக்கிறது செடி. வெயில் காலத் தொடக்கத்தில் போயிருக்க வேண்டும்.

நம் ஊரில் நல்லது என்றால் எல்லா ஊரிலும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம், இல்லையா? பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போதும் இதையேதான் செய்கிறோம். நம் ஊர்ப் புத்திமதி, நம் ஊர் நல்ல நேரம், நம் ஊர்ப் பொடி வகைகள் — எல்லாவற்றையும் திணித்து மூட்டை கட்டிவிட்டு, அங்கே போய் ஏன் வாடுகிறாள் என்று கேட்கிறோம். போகிற ஊரின் மண்ணை யார் கேட்கிறார்கள்?

சரி, உபதேசம் போதும். வேலைக்கு வருவோம்.

தண்ணீர் நிற்காத கலவை வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த சில்லுகளை வண்டி வைத்து ஏற்றி வந்தாள் ரத்னா. சில்லு, பருமணல், கொஞ்சம் செம்மண். கலந்து தொட்டியில் போடுவாள். நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். மேலே தேங்கி நின்றால் ரிஜெக்ட்.

"ரிஜெக்ட்."

"எதுக்குக்கா ரிஜெக்ட்? போகுதே!"

"போகுது. மெதுவாப் போகுது. ரிஜெக்ட்."

"நீ அன்னிக்கும் இப்படித்தான்... எந்த ஜென்மத்துப் பகையோ!" சண்டை. மறுபடி கலவை. மறுபடி சண்டை. கடைசியில் ஊற்றின தண்ணீர் ஊற்றின வேகத்தில் அடியில் ஓடியது. பாஸ் பண்ணினேன்.

மூன்று செடி. லாட்ஜ்காரர் வேண்டாம் என்றுவிட்டதால் கவிதாவின் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் நடுவதாக முடிவு. அங்கே பனி உருகின சேதி வந்ததும் லாரி தேடினோம். கிடைத்த ஒரே லாரி கிளம்பினது செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, சரியாக ராகு காலத்தில்.

வழியனுப்ப வந்த வெங்கடேசு பதறிவிட்டார். "வதினா! மூணும் சேர்ந்து வருதே... ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"விஜயதசமியில அனுப்பிப் பார்த்தாச்சுப்பா. இதையும் பார்த்துடலாம்" என்றாள் ரத்னா.

தொட்டியைத் தூக்கின லாரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "செடின்னு சொல்லிட்டுக் கல்லையா ஏத்தறீங்க?"

ஆமாம், கல்லைத்தான்.

அங்கே சரிவான இடமாகப் பார்த்து, வெயில் படுகிற சுவர் ஓரம் நட்டாள் கவிதா. கோடை முழுக்கச் செடி சும்மா நின்றது. 'வளரவே இல்லைம்மா' என்று அழுதாள். "கீழே வளருதுடி, நீ கம்முனு இரு" என்றேன். குளிர் ஆரம்பித்ததும் இலைகளைச் சேர்த்துக் கட்டிச் சாக்கு சுற்றினாள். நர்சரிக் கூடாரத்துக்குப் போடுகிற பாலிஹவுஸ் ஷீட் அனுப்பட்டுமா என்று இங்கே ஒருத்தி துடித்தாள். பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து அழுகிவிடும் என்று தடுத்து வைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது ரத்னாவின் விரதம். காலையில் எழுந்ததும் போனில் அந்த ஊரின் வெதர் பார்ப்பாள். எனக்கு போன் செய்வாள். "இன்னிக்கும் மைனஸ்க்கா." மார்கழியில் இங்கே நாம் மங்கி குல்லா போட்டுக்கொண்டு, 'ஸ்ஸ்... என்னா குளிர்' என்று டீக்கடையில் நின்றோமே, நம்முடையது ஸ்வெட்டருக்கு அடங்குகிற குளிர். அவள் மட்டும் வேறு ஊர்க் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். இளைத்தே போய்விட்டாள்.

அப்படியே மார்கழி தாண்டி, தை போய், மாசி வந்து, அப்பாடா என்றபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பனி. அதற்குப் பிறகு கவிதாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். எனக்கு மகளைப் பற்றியும் கவலை, மரத்தைப் பற்றியும் கவலை. எது பெரிசு என்று கேட்காதீர்கள்... மகள்தான். ஆனால் மகளுக்குப் பக்கத்தில் மருமகன் இருக்கிறாரே!

சனிக்கிழமை நான் நர்சரிக்கே போய்விட்டேன். வெங்கடேசும் வந்திருந்தார். கையில் அதே பிளான். டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. பதினோரு மணி வாக்கில் வீடியோ கால்.

"அம்மா! கரண்ட் வந்துடுச்சு. நாங்க நல்லா இருக்கோம். ஆன்ட்டி இருக்காங்களா? நான் பின்பக்கம்தான் நிக்கறேன்."

மருமகன் பனியை ஒதுக்கினார். சாக்கை அவிழ்த்தார்கள். முதல் செடி... இலையெல்லாம் தொங்கிக்கிடந்தது.

"குருத்தைப் பிடிம்மா" என்றாள் ரத்னா. "மெதுவா. இழு."

வந்துவிட்டது. கையோடு.

வெங்கடேசு பிளானை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். எனக்கு ரத்னாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. போன வருஷத்து ஐஸ் கட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

"அடுத்தது" என்றாள் ரத்னா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

இரண்டாவது செடி. இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. கவிதா குருத்தைப் பிடித்தாள். இழுத்தாள்.

"ஆன்ட்டி... வரலை."

"இன்னும் கொஞ்சம் இழு."

"வரலை ஆன்ட்டி! கெட்டியா நிக்குது!"

மூன்றாவதையும் பிடித்தாள். அதுவும் வரவில்லை. என் மகளுக்கு அப்பா வழிப் பிடிவாதம். இரண்டு கையாலும் பிடித்து இழுக்கப் போய், கை வழுக்கிப் பனியில் மல்லாக்க விழுந்தாள். போன் ஒரு பக்கம் பறந்தது. திரையில் வானம் தெரிந்தது, நடுவில் ஒரு பச்சை விசிறி தெரிந்தது. "வரலை! வரலை!" என்று அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் அழுதுவிட்டேன். வெட்கமென்ன, அழுதேன்.

வெங்கடேசு மட்டும் இன்னும் சந்தேகமாகவே நின்றார். "வதினா... நல்லாத்தான் இழுத்தாங்களா? வேணும்னா இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்களேன்."

ரத்னா திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. டீ கிளாஸை அவர் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னையும்தான் எத்தனை தடவை இழுத்துப் பார்த்தே வெங்கடேசு. வந்தேனா?"

மனிதர் சிரித்துவிட்டார். "இல்லை வதினா. வரலை." டீயைக் குடித்தார். பிளானை ரப்பர் பேண்ட் போட்டு வண்டிப் பெட்டிக்குள் வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், அதற்கு ஒரு கும்பிடு.

எல்லாம் முடிந்துவிடவில்லை. ஒரு செடி போனது போனதுதான், ஏன் போனது என்று அதையும் தோண்டி வெட்டிப் பார்க்கப்போகிறோம். கடப்பாறையை ஒளித்து வைத்துவிட்டதாக மருமகன் சொல்கிறார். பார்க்கலாம். லாட்ஜ்காரர் நேரில் வந்து இரண்டு செடியையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாராம். நம்பிக்கை இல்லாத மனிதர்கள்!

நேற்று வெங்கடேசு ரத்னாவுக்கு போன் செய்தார். வேறு ஊரில் ஒரு லே-அவுட் முடிந்துவிட்டதாம். ஆர்ச் கட்டியாயிற்றாம். இரண்டு பக்கமும் வைக்க இரண்டு பனை வேண்டுமாம்.

"தர்றேன்" என்றிருக்கிறாள் ரத்னா. "ஆனா மாசா மாசம் வந்து குருத்தை இழுத்துப் பார்ப்பேன்!"